என்.எஃப்.எஸ்.: கிளையன்ட் அனுப்பும் யூ.ஐ.டி.யை சர்வர் எதை வைத்து நம்புகிறது?

கேள்வி — பதிவர்: கோப்பறை

வணக்கம். ஓர் ஆய்வுக் குழுவின் கணினிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. ஒரு லினக்ஸ் சர்வரும் 30 கிளையன்ட் கணினிகளும் இருக்கின்றன. எல்லோருடைய ஹோம் டைரக்டரிகளும் (சொந்தக் கோப்புறைகளும்) அந்தச் சர்வரிலிருந்து என்.எஃப்.எஸ். என்ற வலைப்பின்னல் கோப்புப் பகிர்வு முறை வழியாக மவுன்ட் ஆகின்றன, அதாவது ஒவ்வொரு கணினியிலும் இணைக்கப்படுகின்றன. பயனர் விவரங்கள் ஒரே எல்டேப் (பயனர் விவரத் தொகுப்பு) சர்வரிலிருந்து வருவதால் யூ.ஐ.டி. என்ற பயனர் அடையாள எண்கள் எல்லாக் கணினிகளிலும் ஒத்துப்போகின்றன. பல ஆண்டுகளாக இந்த அமைப்பில் குறை எதுவும் எழுந்ததில்லை.

சென்ற வாரம், குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தம் சொந்த மடிக்கணினியிலிருந்தே ஆய்வுத் தரவைப் படிக்க வேண்டும் என்று கேட்டதால், அந்தக் கணினியின் ஐ.பி. முகவரியையும், எந்தக் கணினிக்கு எதைப் பகிரலாம் என்று சர்வர் பார்க்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் சேர்த்தேன். மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார். என் கண் முன்பாகவே தம் மடிக்கணினியில் 1004 என்ற யூ.ஐ.டி.யுடன் ஒரு பயனரை உருவாக்கி, ரூட்டாக (முழு உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கில்) இருந்து அந்தப் பயனராக மாறி, எங்கள் சகப் பணியாளர் ஒருவரின் ஹோம் டைரக்டரிக்குள் நுழைந்து, உரிமையாளர் மட்டுமே படிக்கக்கூடிய கோப்புகளைத் திறந்து காட்டினார். பாஸ்வேர்டு எதுவும் கேட்கப்படவில்லை. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவர் நேர்மையாக வந்து சொன்னதால் தெரிந்தது. சொல்லாமல் விட்டிருந்தால், சர்வரின் பார்வையில் அது 1004 தன் கோப்பைத் தானே படித்த ஒரு சாதாரண வாசிப்பாகவே இருந்திருக்கும்.

கிளையன்டின் ரூட்டுக்குச் சர்வரில் தனி உரிமை தராமல் தடுக்கும் ரூட் ஸ்குவாஷ் இயக்கத்தில்தான் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஐ.பி. முகவரிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டுமே சர்வர் ஏற்கிறது. இந்த மூன்றும் இருந்தும் இது நடந்திருக்கிறது என்றால், நான் எதையாவது தவறாக அமைத்திருக்கிறேனா, அல்லது என்.எஃப்.எஸ். உருவானதே இப்படித்தானா? கெர்பரோஸ் (டிக்கெட் வழியாக ஆளை மெய்ப்பிக்கும் முறை) இல்லாமல் இதற்குத் தீர்வு கிடையாது என்று சிலர் சொல்கிறார்கள், டி.எல்.எஸ். (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) போதும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1 — பதிவர்: பழைய முனையம்

நண்பரே, உங்கள் அமைப்பில் தவறு எதுவும் இல்லை. நீங்கள் கண்டது 'ஆத் சிஸ்' என்ற அடையாள வகை, அது வடிவமைக்கப்பட்டபடியே இயங்கியதன் விளைவு.

என்.எஃப்.எஸ்., சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 1980களின் நடுப்பகுதியில், அதே நிறுவனத்தின் ஆர்.பி.சி. என்ற தொலைச் செயல் அழைப்பு முறையின் மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு ஆர்.பி.சி. அழைப்பின் தலைப்பிலும் 'நான் இன்னார்' என்று சொல்வதற்கு ஒரு பகுதி, அந்தக் கூற்றை மெய்ப்பிப்பதற்கு ஒரு பகுதி என இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆத் சிஸ் வகையில் முதல் பகுதியில் கணினியின் பெயர், யூ.ஐ.டி., ஜி.ஐ.டி. (குழு எண்), அதிகபட்சம் 16 துணைக் குழு எண்கள் ஆகியவை இருக்கும். இரண்டாவது பகுதி வெற்றாகவே இருக்கும். வருகைப் பதிவேட்டில் ஒருவர் எந்தப் பெயரை எழுதுகிறாரோ அந்தப் பெயருக்குரிய அறையைத் திறந்துவிடும் காவலாளியைப் போல, சர்வர் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு கோப்பின் அனுமதிகளோடு ஒப்பிடுகிறது. ஒருவர் ஐந்து ஆண்டுகளாக 20 குழுக்களில் உறுப்பினராக இருந்தும் சில கோப்புகள் மட்டும் ஏன் திறப்பதில்லை என்று குழம்புவதும் இந்த 16 என்ற எல்லையால்தான். அது வேறு கதை.

இப்படி நம்புவதற்குப் பின்னால் ஒரு முன்நிபந்தனை இருந்தது: எல்லாக் கிளையன்ட் கணினிகளும் ஒரே நிர்வாகியின் கையில் இருக்கும், பயனர் எவரிடமும் ரூட் உரிமை இருக்காது, ஆகவே கிளையன்டின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பொய் சொல்லாது. உங்கள் 30 கணினிகள் அந்த நிபந்தனைக்கு உட்பட்டிருந்தன. 31ஆவது கணினியின் நிர்வாகி நீங்கள் அல்லர்; நிபந்தனை அங்கே முறிந்தது.

நீங்கள் குறிப்பிட்ட மூன்று காப்புகளையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ரூட் ஸ்குவாஷ் பூச்சியம் என்ற யூ.ஐ.டி.யை (அதாவது ரூட்டை) மட்டுமே 'நோபடி' என்ற உரிமையற்ற பயனர் ஆக்குகிறது. 1004 என்று சொல்லிக்கொண்டு வருபவரை அது தொடுவதே இல்லை. 1024க்குக் கீழுள்ள போர்ட்டை யூனிக்ஸ் கணினியில் ரூட் மட்டுமே பயன்படுத்த முடியும் என்ற விதி, அந்த ரூட் நம்பத்தக்கவராக இருக்கும்வரைதான் பயன் தரும். ஐ.பி. முகவரி எந்தக் கணினி பேசுகிறது என்பதற்கு ஒரு பலவீனமான சான்று. அந்தக் கணினியின் முன் அமர்ந்திருப்பவர் யார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சன் நிறுவனத்தாரும் இதை அறிந்தே இருந்தார்கள். டிஃபி ஹெல்மன் முறையில் திறவுகோல் பரிமாறிக்கொள்ளும் 'ஆத் டெஸ்' என்ற வகையை அவர்களே கொண்டுவந்தார்கள். ஆனால் அதில் பயன்பட்ட எண்ணின் நீளம் 192 பிட் மட்டுமே. 1991இல் லமாக்கியா, ஒட்லிஸ்கோ ஆகிய இருவரும் அதை உடைக்க முடியும் என்று கணக்கிட்டே காட்டிவிட்டார்கள். அதன் பிறகு 1997இல் ஆர்.எஃப்.சி. 2203 என்ற இணையத் தர ஆவணம் வழியாக வந்த 'ஆர்.பி.சி.செக் ஜி.எஸ்.எஸ்.' என்ற வகைதான் இன்றும் நிலைத்திருக்கிறது. கெர்பரோஸ் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்வது இதன் வழியே இயங்கும் கெர்பரோஸ் 5ஐத்தான்.

இதில் நடப்பது இதுதான். பயனர் முதலில் கெர்பரோஸின் திறவுகோல் வழங்கு மையத்தில் தம்மை மெய்ப்பித்து ஒரு டிக்கெட்டைப் பெறுகிறார். கிளையன்ட் அதைக் காட்டி, என்.எஃப்.எஸ். சர்வருக்கென்று தனியாக ஒரு டிக்கெட்டை வாங்குகிறது. அந்த இரண்டாவது டிக்கெட்டைத் திறப்பதற்கான திறவுகோல், உண்மையான சர்வரின் கீடேப் என்ற திறவுகோல் கோப்பில் மட்டுமே இருக்கும். இரு தரப்புக்கும் பொதுவான ஓர் அமர்வுத் திறவுகோல் இவ்வாறு உருவான பின், ஒவ்வொரு அழைப்பின் தலைப்பும் அந்தத் திறவுகோலால் முத்திரையிடப்படுகிறது; ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இருப்பதால் பழைய அழைப்பை ஒட்டுக்கேட்டுவிட்டு மறுபடி அனுப்பினாலும் சர்வர் அதைத் தள்ளிவிடும். சர்வரின் பதிலிலும் முத்திரை உண்டு. ஆகவே போலிச் சர்வர் ஒன்று இடையில் புகுந்துகொள்வதும் இயலாது. யூ.ஐ.டி. எண் கிளையன்டிலிருந்து வருவதே இல்லை. டிக்கெட்டில் உள்ள பெயரை வைத்து, யூ.ஐ.டி.யையும் குழுக்களையும் சர்வர் தானே தேடிக்கொள்கிறது. மேலே சொன்ன 16 குழு எல்லையும் இதனால் மறைந்துவிடும்.

இதில் மூன்று நிலைகள் உள்ளன. 'கேஆர்பி5' நிலையில் தலைப்புக்கு மட்டுமே முத்திரை. கோப்பின் உள்ளடக்கத்தை வழியில் ஒருவர் மாற்றினால் தெரியாது. 'கேஆர்பி5ஐ' உள்ளடக்கத்துக்கும் முத்திரையிடுகிறது. 'கேஆர்பி5பி' அதை மறைகுறியாக்கமும் செய்கிறது. முதல் நிலையை இன்று எவருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. வழியில் இருப்பவர் தரவை மாற்றக்கூடும் என்றால், ஆளை மட்டும் சரிபார்த்து ஆகப்போவது அதிகமில்லை.


மறுமொழி 2 — பதிவர்: எளியவழி

கெர்பரோஸ் அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. என்.எஃப்.எஸ். பதிப்பு 4, எண்களுக்குப் பதிலாக 'பயனர்@டொமைன்' என்ற வடிவில் பெயர்களையே அனுப்புகிறது. பதிப்பு 4க்கு மாறி, இரு பக்கமும் பெயர்களையும் எண்களையும் பொருத்தும் ஐ.டி. மேப்பிங் சேவையை ஒரே டொமைனுடன் அமைத்துவிட்டால், தன்னிச்சையாக உருவாக்கிய 1004 சர்வரில் எடுபடாது.


மறுமொழி 3 — பதிவர்: இரவுப்பணி

எளியவழி அவர்களின் கருத்து பரவலாக உள்ள ஒரு மயக்கம் என்பதால் முதலில் அதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பதிப்பு 4 பெயர்களை அனுப்புவது கோப்பின் பண்புகளைச் சொல்லும் இடத்தில்தான்: 'இந்தக் கோப்பின் உரிமையாளர் யார்' என்ற கேள்விக்கான பதிலிலும், அனுமதிப் பட்டியல்களிலும். 'இந்தக் கோரிக்கையை அனுப்புபவர் யார்' என்பது ஆர்.பி.சி. தலைப்பில் இருக்கிறது, அங்கே ஆத் சிஸ் இருந்தால் பதிப்பு 4 ஆனாலும் எண்தான் போகும். ஐ.டி. மேப்பிங்கை எவ்வளவு ஒழுங்காக அமைத்தாலும் அந்த மடிக்கணினியில் நடந்தது அப்படியே மீண்டும் நடக்கும். கெர்பரோஸைச் செயலாக்குவது பதிப்பு 4இன் தரவரையறையில் கட்டாயம் என்பது உண்மை. ஆனால் மென்பொருளில் அந்த வசதி இருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயமே தவிர, அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது அல்ல.

கோப்பறை அவர்களுக்கு: இந்த மாற்றத்தை நான் இரண்டு இடங்களில் செய்திருக்கிறேன்; முதல் இடத்தில் நான் பட்ட பாடு உங்களுக்கு வராமல் இருக்கட்டும் என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில், மாற்றக் காலத்துக்காக என்று சொல்லி 'சிஸ்' (ஆத் சிஸ்), 'கேஆர்பி5பி' இரண்டையும் ஒரே வரியில் அனுமதிக்க மனம் தூண்டும். அந்த வரி இருக்கும்வரை நீங்கள் கெர்பரோஸுக்கு மாறவே இல்லை என்றுதான் பொருள், ஏனெனில் இரண்டில் எதைப் பயன்படுத்துவது என்பதைக் கிளையன்ட் தேர்ந்தெடுக்கலாம். தாக்க நினைப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. என் முதல் இடத்தில் அந்த வரி 'தற்காலிகமாக' 14 மாதங்கள் இருந்தது. கணினி கணினியாக மாற்றுங்கள். மாறிய கணினிகளுக்கு சிஸ் வகையை உடனே நிறுத்திவிடுங்கள்.

கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் இயல்பாகவே மறுத்துவிடும். அப்போது வரும் பிழைச் செய்தி பெரும்பாலும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று மட்டுமே இருக்கும் என்பதால், ஆட்கள் கோப்பின் அனுமதிகளைத் தேடிக் காலத்தை வீணாக்குவார்கள். சர்வரின் டி.என்.எஸ். (வலைப்பின்னல்) பெயரும் கீடேபில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்.எஸ்.எச்.தான் என்னை அதிகம் சோதித்தது. பயனர் பொதுத் திறவுகோலைக் கொண்டு உள்நுழைந்தால் அவர் பாஸ்வேர்டு எதையும் தருவதில்லை. ஆகவே டிக்கெட்டும் உருவாவதில்லை. அவருடைய ஹோம் டைரக்டரி கெர்பரோஸ் மவுன்டில் இருப்பதால், அனுமதிக்கப்பட்ட திறவுகோல்களின் பட்டியலையே எஸ்.எஸ்.எச். சர்வரால் படிக்க முடியாது, உள்நுழைவே தோற்றுப்போகும். வேறு வழியில் உள்நுழைந்தாலும், தம் சொந்த வீட்டு வாசலில் சாவியின்றி நிற்பவர் போலத்தான் அவர் நிற்பார். எஸ்.எஸ்.எச்.சையும் கெர்பரோஸ் வழியாகவே அமைத்து, டிக்கெட்டைக் கூடவே அனுப்பச் செய்ததும்தான் இது தீர்ந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கெர்பரோஸ் வந்துவிட்டால் கிளையன்டின் ரூட் முற்றிலும் செயலற்றவர் ஆகிவிடுவார் என்று எண்ண வேண்டாம். அந்தக் கணினியில் இப்போது உள்நுழைந்திருக்கும் பயனரின் டிக்கெட் அங்கேதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. ரூட் அதை எடுத்துப் பயன்படுத்த முடியும். ஆனால் அங்கே என்றுமே உள்நுழையாத ஒருவரின் கோப்புகளை அவரால் தொட முடியாது. ஆத் சிஸ் வகையில் ஒரு கணினியின் ரூட் கைமாறினால் எல்லோருடைய கோப்புகளும் போகும். கெர்பரோஸில் அந்தக் கணினியைப் பயன்படுத்தியவர்களின் கோப்புகள் மட்டும் போகும். அதுபோல, பயனர் தம் டிக்கெட்டை அழித்த கணமே அணுகல் நின்றுவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். லினக்ஸ் கெர்னல் ஏற்கெனவே உருவாக்கிய அமர்வை டிக்கெட் காலாவதியாகும்வரை வைத்துக்கொண்டிருக்கும்.


கோப்பறை (கேள்வி கேட்டவர்):

இருவருக்கும் மிக்க நன்றி. இரவுப்பணி அவர்களின் கடைசிப் பத்தியைப் படித்த பின்தான் இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு உண்மையில் விளங்கியது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. எங்கள் பயனர்கள் மூன்று நாள், நான்கு நாள் ஓடும் கணக்கீடுகளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்; டிக்கெட் பத்து மணி நேரத்திலோ ஒரு நாளிலோ காலாவதியாகும் என்றால், நள்ளிரவில் அந்தக் கணக்கீடுகள் எழுத முடியாமல் நிற்குமா? மேலும், டி.எல்.எஸ். பற்றி எவரும் சொல்லவில்லையே?


மறுமொழி 4 — பதிவர்: இரவுப்பணி

நிற்கும். டிக்கெட்டைப் புதுப்பிக்கத்தக்கதாக வழங்கி, அதைப் பின்னணியில் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஒரு சேவையை இயக்கினால், புதுப்பிப்புக்கான உச்ச வரம்புவரை, அதாவது நீங்கள் அனுமதித்தால் ஒரு வாரம்வரை, அது தாங்கும். அதற்கும் மேல் ஓடுபவற்றுக்கும் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே இயக்கும் சேவையில்) ஓடுபவற்றுக்கும் தனிக் கணக்கும் கீடேபும் உருவாக்கிக் கொடுப்பதே நல்லது. ஒரு மனிதரின் பாஸ்வேர்டுக்கு இணையான கீடேபை வட்டில் வைத்துவிட்டு அவர் பெயரிலேயே எல்லாவற்றையும் ஓட்டுவது, டிக்கெட்டுக்குக் காலக்கெடு வைத்ததன் நோக்கத்தையே குலைத்துவிடும்.


மறுமொழி 5 — பதிவர்: பழைய முனையம்

டி.எல்.எஸ். பற்றி நான் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 9289, ஆர்.பி.சி. இணைப்பு முழுவதையும் டி.எல்.எஸ்.சுக்குள் வைப்பதற்கு வழிவகுத்தது. லினக்ஸில் சர்வர் பக்கம் கெர்னல் 6.4இலும், கிளையன்ட் பக்கம் 6.5இலும் அது வந்தது. தொடக்கக் கைகுலுக்கலை டி.எல்.எஸ்.எச்.டி. என்ற சேவை கவனித்துக்கொள்கிறது. மவுன்ட் செய்யும்போது இதிலும் இரு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 'டி.எல்.எஸ்.' என்றால் சர்வர் மட்டும் சான்றிதழ் காட்டும், தரவு மறைகுறியாக்கப்படும். 'எம்.டி.எல்.எஸ்.' என்றால் கிளையன்டும் சான்றிதழ் காட்ட வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. எம்.டி.எல்.எஸ். மெய்ப்பிப்பது கணினியை, கெர்பரோஸ் மெய்ப்பிப்பது ஆளை. டி.எல்.எஸ். குழாயின் உள்ளே யூ.ஐ.டி. இன்னும் ஆத் சிஸ் எண்ணாகவே பயணம் செய்கிறது. ஐ.பி. முகவரி என்ற பலவீனமான சான்றுக்குப் பதிலாகக் கணினிக்கு ஒரு வலுவான சான்று கிடைக்கிறது. ஒட்டுக்கேட்பதும் வழியில் மாற்றுவதும் நின்றுவிடுகின்றன. ஆனால் சான்றிதழ் பெற்ற ஒரு கணினியின் ரூட், தாம் 1004 என்று சொன்னால், சர்வர் இப்போதும் நம்பத்தான் செய்யும். அந்த மடிக்கணினிக்கு நீங்கள் சான்றிதழ் கொடுத்திருந்தால், அதே மூன்று நிமிடக் காட்சி மறைகுறியாக்கத்தோடு நடந்திருக்கும்.

அதனால் டி.எல்.எஸ். பயனற்றது என்று சொல்ல மாட்டேன். உங்கள் 30 கணினிகளும் உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்கின்றன, பயனர்களிடம் ரூட் இல்லை என்றால், அவற்றுக்கு எம்.டி.எல்.எஸ். நேர்மையான தீர்வு, மூன்று நாள் கணக்கீடுகளுக்கு டிக்கெட் சிக்கலும் வராது. கெர்பரோஸ் சர்வர் ஒன்றை உங்கள் குழுவே புதிதாக நிறுவிக் காக்க வேண்டும் என்றால், அந்தச் சுமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்களால் கட்டுப்படுத்த முடியாத கணினிகள்தான் வேறு வகை. அவற்றுக்கு கேஆர்பி5பி மட்டும், அல்லது என்.எஃப்.எஸ்.சே இல்லாமல் எஸ்.எஃப்.டி.பி. (எஸ்.எஸ்.எச். வழிக் கோப்புப் பரிமாற்றம்) மட்டும்.


கோப்பறை (கேள்வி கேட்டவர்):

அந்த மடிக்கணினியின் முகவரியை இன்று எக்ஸ்போர்ட்ஸ் கோப்பிலிருந்து நீக்கிவிட்டேன். 30 கணினிகளுக்கு முதலில் எம்.டி.எல்.எஸ்.; அதன் பிறகு கெர்பரோஸ் என்று திட்டமிட்டிருக்கிறேன். இடைப்பட்ட காலத்தில், ஹோம் டைரக்டரிகள் இருக்கும் அதே வட்டில் உள்ள தரவு டைரக்டரியை மட்டும், வாசிப்புக்கு மட்டும், எல்லா யூ.ஐ.டி.களையும் நோபடி ஆக்கும் ஆல் ஸ்குவாஷுடன் அந்த மடிக்கணினிக்குத் தரலாம் என்று நினைக்கிறேன். இதில் ஆபத்து உண்டா?


மறுமொழி 6 — பதிவர்: பழைய முனையம்

யோசனை சரி, 'அதே வட்டில்' என்ற சொற்கள்தான் சரியில்லை. சர்வர் ஒவ்வொரு கோப்பையும் ஃபைல் ஹேண்டில் என்ற அடையாளத்தைக் கொண்டே அறிகிறது. அதில் ஃபைல் சிஸ்டத்தின் அடையாளமும், அதற்குள் அந்தக் கோப்பைக் குறிக்கும் ஐநோடு எண்ணும் இருக்கும். ஒரு ஃபைல் சிஸ்டத்தின் உள்ளேயுள்ள ஒரு டைரக்டரியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்தால், வந்த ஹேண்டில் அந்த டைரக்டரிக்குள் அடங்கியதுதானா என்று லினக்ஸ் சர்வர் இயல்புநிலையில் சோதிப்பதில்லை. ஐநோடு எண்ணை ஊகித்து ஹேண்டிலைத் தாமே புனைந்து அனுப்பும் ஒருவர், அதே ஃபைல் சிஸ்டத்தில் உள்ள ஹோம் டைரக்டரிகளையும் எட்டிவிடலாம். ஆல் ஸ்குவாஷ் இருப்பதால் நோபடிக்குத் திறந்துள்ளவை மட்டுமே அவருக்குக் கிடைக்கும். ஆனால் எல்லோரும் படிக்கலாம் என்ற அனுமதியுடன் கவனக்குறைவாக விடப்பட்ட கோப்புகள் எந்த ஹோம் டைரக்டரியிலும் நாலைந்தாவது இருக்கும். சப்ட்ரீ செக் என்ற விருப்பம் இந்தச் சோதனையைச் செய்யும் என்றாலும், திறந்திருக்கும் கோப்பு பெயர் மாறும்போது அது வேறு தொல்லைகளைத் தருகிறது. தரவுக்கென்று தனி ஃபைல் சிஸ்டம் ஒன்றை உருவாக்கி, அதை முழுமையாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.


கோப்பறை (கேள்வி கேட்டவர்):

சர்வரில் காலியிடம் இருக்கிறது. தனி லாஜிக்கல் வால்யூம் (வட்டுப் பகுதி) ஒன்றை உருவாக்கித் தரவை நகர்த்திக்கொண்டிருக்கிறேன். அது முடிந்த பிறகே அந்த முகவரியை மீண்டும் சேர்ப்பேன்.